கமிஷன் இல்லாத சொந்தங்கள்

அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து மாஸ்டர் இல்லை, சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுகிற மாஸ்டர். நீளமான மேஜையில் துணியை மடிப்பு மடிப்பாக விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரே வெட்டில் நூறு கை, நூறு காலர் என்று எடுப்பார். கையையும் காலரையும் பாக்கெட்டையும் அவர் நெருக்கிப் போடுகிற நெருக்கில், வெட்டி முடித்தபின் மேஜையில் மிஞ்சுகிற துணியில் ஒரு பொம்மைக்குக்கூடச் சட்டை தைக்க முடியாது. கஞ்சப் பிசினாறி என்று தையல் பிரிவில் கேலி செய்வார்கள். அவருக்கு அது பாராட்டு மாதிரிதான். நல்ல துணி வீணாவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும், அவ்வளவுதான்.

கம்பெனி வேறு ஊருக்கு இடம் மாறியபோது மாஸ்டரையும் கையோடு கூப்பிட்டார்கள். அவரால் போக முடியவில்லை. காரணம் அண்ணன்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாத அண்ணன், மாடிப்படியில் வழுக்கி விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் தம்பி வீட்டு முன்னறைக் கட்டிலுக்கு வந்து சேர்ந்திருந்தார். குளிப்பாட்டுவதைக்கூடச் சமாளித்துவிடலாம். சட்டை மாட்டுவதுதான் பெரும்பாடு. மாஸ்டர் தூக்கிப் பிடிக்க, அவர் மனைவி ஒரு கையை நுழைத்து, முதுகுக்கு அடியில் துணியை இழுத்து, மறு கையை வளைத்து நுழைப்பதற்குள் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடைசியில், சட்டையே வேண்டாம், போர்வை போதும் என்று சொல்லிவிட்டார். யாராவது பார்க்க வந்தால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடச் சொல்வார்.

மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. அண்ணனுடைய கோடுபோட்ட சட்டை ஒன்றை எடுத்து, முதுகுப் பக்கம் மேலிருந்து கீழாக ஒரே வெட்டு வெட்டினார். இரண்டு பக்கமும் அகலமாகப் பட்டை வைத்து, ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி பிரஸ் பட்டன் தைத்தார். முன்பக்கத்தைத் தொடவே இல்லை. காலர், காஜா, பாக்கெட் எல்லாம் அப்படியே. படுத்திருப்பவரின் கைகளை முன்னாலிருந்து நுழைத்து, லேசாகப் புரட்டி, பின்னால் அழுத்தினால் முடிந்தது. அவர் மனைவி கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். அண்ணன் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இப்பதான்டா ஆள் மாதிரி இருக்கேன்” என்றார்.

அண்ணனுக்கு உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண் அந்தச் சட்டையை முன்னும் பின்னுமாகப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அவள் பார்க்கிற மற்ற வீடுகளிலிருந்து கேட்டார்கள். அண்ணன் இறந்துபோன பிறகும் கேட்பது நிற்கவில்லை. மாஸ்டரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கை துறுதுறு, வாய் அதைவிடத் துறுதுறு. அவன் அந்தப் படங்களை இணையத்தில் ஏற்றிவிட்டான். ஒரு மாதத்தில் பெயரே உச்சரிக்க வராத ஊர்களிலிருந்தெல்லாம் அளவு வர ஆரம்பித்தது. அவர்கள் பாஷையில் அவர்கள் எழுத, போன் அதைத் தமிழாக்கித் தர, மாஸ்டரின் மனைவி பதில் போட, அதைப் போன் திரும்ப அவர்கள் பாஷையாக்க, எப்படியோ வியாபாரம் நடந்தது. பணம் வாங்க மச்சினனே ஒரு ஆன்லைன் சேவையில் மாஸ்டர் பெயரில் கணக்கு திறந்து கொடுத்தான்.

அங்கேதான் பிடித்தது சனி.

வாடிக்கையாளர் நூறு அனுப்பினால் வாங்கிக்கொள்ள ஒரு கட்டணம். அந்த நாட்டுப் பணத்தை இந்த நாட்டுப் பணமாக மாற்ற ஒரு கட்டணம். மாற்றிய பணத்தை வங்கிக்கு எடுக்க இன்னொரு கட்டணம். எல்லாம் சின்னச் சின்னதுதான். ஆனால் கைக்கு வந்து சேரும்போது நூறு தொண்ணூறாகி, சில நாள் அதற்கும் கீழே இறங்கியிருக்கும். விரல்கடை துணிக்கு மல்லுக்கு நின்ற மனிதர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? கூரியர் செலவும் துணி விலையும் போக அவருக்கு நிற்பதே பதினைந்தோ இருபதோதான். அதில் பாதியை முகம் தெரியாத ஒருத்தன் உட்கார்ந்த இடத்திலிருந்து வெட்டிக்கொண்டு போகிறான். மாஸ்டர் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கை மனைவியிடம் சொல்லிப் புலம்பினார். விலையை ஏற்றலாம் என்றாள் அவள். ஏற்றினார். நோயாளி வைத்திருக்கும் வீடு, அங்கேயும் கை கடிக்கத்தானே செய்யும்? இரண்டு பேர் வருத்தம் சொல்லி விலகிக்கொண்டார்கள். பழையபடி இறக்கினார்.

மச்சினன்தான் வழி கண்டுபிடித்தான். அந்தச் சேவையில் பணம் அனுப்பும்போது ஒரு கேள்வி கேட்கும்: பொருளுக்கா, இல்லை சொந்தக்காரர், நண்பர்களுக்கா? பொருளுக்கு என்றால் கட்டணம் உண்டு. சொந்தக்காரருக்கு என்றால் வாங்கும்போது பிடிக்கிற அந்த முதல் கட்டணம் கிடையாது.

“ஒண்ணுமில்ல மாமா, அனுப்புறவங்ககிட்ட சொந்தக்காரங்கன்னு அமுக்கச் சொல்லுங்க. ஊரே அப்படித்தான் பண்ணுது.”

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். பொய்தானே என்றார். மச்சினன் சிரித்தான். யார் வீட்டுப் பணத்தையும் எடுக்கவில்லை, நம் பணத்தை நாம் காப்பாற்றிக்கொள்கிறோம், இதில் பொய் எங்கே வந்தது என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்ல மாஸ்டருக்கு மனசு வரவில்லை.

அதிலிருந்து அந்த வீட்டில் சொந்தபந்தம் பெருகிப்போயிற்று. பார்சல் கட்டும் மேஜையில் மாஸ்டரின் மனைவி ஒவ்வொருவருக்கும் உறவுமுறை வைத்துவிட்டாள். குளிர்நாட்டில் இரவு உடை கேட்ட கிழவி பெரியம்மா. கழுத்து பெருத்த முன்னாள் ராணுவக்காரர் சித்தப்பா. ஒவ்வொரு தையலுக்கும் கேள்வி கேட்டு, படம் அனுப்பு என்று நச்சரித்த பெண்மணி நாத்தனார். “சித்தப்பாவுக்கு இன்னும் ரெண்டு இஞ்ச் சேத்து வைங்க, பொங்கல் வச்ச பானை மாதிரி கழுத்து” என்பாள். மாஸ்டர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாமல் தவிப்பார். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். கையிலும் கொஞ்சம் காசு நின்றது. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று பழசாக வாங்கிப் போட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு மகள் எழுதினாள். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரப்போகிறார், ஆறு சட்டை வேண்டும். அப்பா வங்கியில் வேலை பார்த்தவராம், பனியனோடு வாசலுக்குக்கூட வந்ததில்லையாம். கை ரொம்ப நீளம், கடையில் எதுவும் சரியாக அமையாது. அளவோடு, அப்பா நின்றுகொண்டிருக்கும் பழைய படம் ஒன்றும் அனுப்பியிருந்தாள். ஒடிசலான, உயரமான ஆள். சட்டைக் கையை மணிக்கட்டுவரை பட்டன் போட்டிருந்தார். மாஸ்டருக்கு அந்த மனிதரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. முழுப் பணத்தையும் மகள் முன்னாலேயே அனுப்பினாள். சொன்னபடி, சொந்தக்காரர் என்பதை அமுக்கி.

ஆறு சட்டையையும் வெட்டி, நாலைத் தைத்து முடித்திருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. கீழ்க்கண்ட நபர்களுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைத் தெரிவிக்கவும். அதன் கீழே பெரியம்மா, சித்தப்பா, நாத்தனார் எல்லாரும் தங்கள் சொந்தப் பெயரில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம். ஆதாரம் இணைக்க ஒரு பொத்தான்.

மாஸ்டரும் மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் வைத்த உறவுமுறை எதையும் அந்தக் கட்டத்தில் எழுத முடியாது. மச்சினன் ஓடி வந்தான். நண்பர்கள் என்று போடலாம் என்றான். பாஷையே தெரியாத நண்பர்களா என்று அக்கா கேட்டாள். மாஸ்டர் கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார்: இவர்கள் என் வாடிக்கையாளர்கள், கட்டணத்தை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்தேன், தப்புதான், கட்ட வேண்டிய கட்டணத்தை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவர் நிஜமாகவே நம்பினார். மறுநாள் பதில் வந்தது. விதிமீறல் உறுதியானதால் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. கணக்கில் உள்ள பணம் ஆறு மாதம் நிறுத்தி வைக்கப்படும்.

ஆறு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிடலாம் என்று மனைவி சொன்னாள். தையல் கூலிக்கு அக்கம்பக்கத்து வேலை இருந்தது. சட்டை போகவேண்டியவர்களுக்குக் கைக்காசு போட்டு அனுப்பினார்கள். மகளுடைய ஆறு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அன்று அவளிடமிருந்து செய்தி வந்தது. அப்பா வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. சட்டைகளை இன்னும் அனுப்பவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தர முடியுமா, செலவு நிறைய ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாள்.

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. கட்டாயம் தருகிறோம் என்று எழுதச் சொன்னார். மனைவி கணக்கைத் திறந்து பார்த்தாள். பணம் அங்கே இருந்தது, மகள் அனுப்பியது அனுப்பியபடி. பக்கத்தில் ‘திருப்பி அனுப்பு’ என்ற பொத்தானும் இருந்தது. சாம்பல் நிறத்தில், செத்துப்போய். அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டரும் வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

அதன்பிறகு அவர் அந்தச் சேவையின் உதவிப் பக்கத்தில் விழுந்து கிடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் பதில் சொன்னது மெஷின். எதைக் கேட்டாலும், உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி என்று ஆரம்பித்து, கணக்கு திறப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது. மனிதரோடு பேச வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, பல நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். குரல் கிடையாது, எழுத்துதான். மாஸ்டர் மனைவியிடம் முதலில் ஒன்று கேட்கச் சொன்னார்: இது மனுஷங்கதானா? ஆமாம், மனுஷிதான் என்று பதில் வந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு என் பணம் வேண்டாம், ஆறு மாதம் இல்லை, ஆறு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு பிள்ளையின் பணத்தை மட்டும் அவள் கணக்குக்கே திருப்பிவிடுங்கள், அப்பா செத்துப்போன பிள்ளை என்று சொல்லச் சொன்னார். அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது.

‘உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் மூடிய கணக்கிலிருந்து பணம் அனுப்பும் வசதி எங்கள் கையில் இல்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?’

வேறு எந்த உதவியும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

மகள் சில வாரம் பொறுத்தாள். கணக்கு முடங்கியிருக்கிறது என்று இவர்கள் சொன்னதை நம்பினாள். பிறகு அவளும் அந்தச் சேவையிடம் நேரே கேட்டிருக்கிறாள். சொந்தக்காரருக்கு அனுப்பிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, பணத்தை வாங்கியவரின் கணக்கு விதிமீறலுக்காக மூடப்பட்டுள்ளது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது அத்தனையும் உண்மை. அதைக் கேட்டு அவள் என்ன நினைப்பாள்? சொந்தக்காரர் என்பதை அமுக்கச் சொன்னதே இதற்குத்தான் என்றுதானே நினைப்பாள்? அப்படித்தான் எழுதினாள். ‘இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது. நோயாளிகள் உள்ள வீடுகளை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள்.’ போன் மாற்றிக் கொடுத்த அந்தத் தமிழில் கோபமா, அழுகையா, ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டர் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மனைவி மூன்றாம் தடவை படிக்க மாட்டேன் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மகளுக்குத் திருப்பிக் கொடுக்க மாஸ்டர் வெளியே கடன் வாங்கினார். மச்சினன் தன் பங்குக்குப் பாதி போட்டான், இந்த வினையை இழுத்துவிட்டது தான்தான் என்ற குறுகுறுப்பு அவனுக்கும் இருந்தது. வங்கி வழியாக நேரே அனுப்பிவிடலாம், அவளுடைய வங்கிக் கணக்கு எண் மட்டும் கிடைத்தால் போதும் என்றான். மாஸ்டரின் மனைவி பணிவாக எழுதிக் கேட்டாள்.

பதில் உடனே வந்தது. ‘என் வங்கி எண்ணா? இன்னும் என்னிடமிருந்து என்ன எடுக்கப் போகிறீர்கள்?’

அதோடு அவள் இவர்கள் நம்பரைத் தடுத்துவிட்டாள். மச்சினன் தன் போனிலிருந்து முயற்சி செய்தான், அதையும் தடுத்தாள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளம்மா என்று கெஞ்சக்கூட வழி இல்லாமல் போயிற்று.

மாஸ்டரிடம் அவள் வீட்டு விலாசம் இருந்தது. ஒருநாள் காலையில் ஆறு சட்டையையும் அடுக்கி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். பணம் போகவில்லை என்றால் பொருளாவது போகட்டும், ஏமாற்றுக்காரன் இல்லை என்றாவது தெரியட்டும் என்று அவர் கணக்கு. மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள்.

“அப்பா செத்த வீட்டுக்கு அப்பா அளவுச் சட்டையா அனுப்பப் போறீங்க?”

மாஸ்டர் ஒட்டுகிற டேப்பைக் கீழே வைத்தார். பெட்டியைப் பிரிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. மத்தியானம் வரைக்கும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மனைவிதான் அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

வியாபாரத்தையாவது காப்பாற்ற, மனைவி தன் பெயரில் புதிதாக ஒரு கணக்கு திறந்தாள். இனிமேல் பொருளுக்கு என்றே அமுக்கச் சொல்லுவோம், கட்டணம் போனால் போகிறது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். கணக்கு திறந்த மூன்றாம் நாள் அதுவும் மூடிக்கொண்டது. காரணம் எழுதியிருந்தார்கள்: ஏற்கெனவே மூடப்பட்ட கணக்கு உள்ளவரோடு தாங்கள் தொடர்புடையவர்.

“உங்க பெரியம்மா, சித்தப்பா ஒருத்தரையும் சொந்தம்னு நம்பலை. என்னை மட்டும் விசாரிக்காமலே நம்பிட்டாங்க” என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தாள். மாஸ்டர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்ததும் நிறுத்தி வைத்த பணம் மாஸ்டரின் வங்கிக்கு வந்தது. பணம் மாற்றும் கட்டணமும் எடுக்கும் கட்டணமும் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. அதில் மகளுடைய பணத்துக்கும் சேர்த்தே பிடித்திருந்தார்கள். குறைந்ததைத் தன் பங்கிலிருந்து போட்டு நிரப்பி, அவள் அனுப்பிய முழுத் தொகையையும் மாஸ்டர் தனியாக எடுத்து வைத்தார். வெளியே வாங்கிய கடனை அடைத்தார். மச்சினன் போட்ட பாதியைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டான்.

இப்போது அவர் ஒரு பெரிய இணையக் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறார். அவர்கள் பெயரில்தான் சட்டை போகிறது. விலையில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. முன்னே நூறுக்குப் பத்து போனதற்கு அப்படிக் கொதித்தவர், இதை ஒரு பேச்சுப் பேசவில்லை. மச்சினன், வேறு குறைந்த கட்டணச் சேவை ஒன்று வந்திருக்கிறது மாமா, பார்க்கலாமா என்று ஒருநாள் ஆரம்பித்தான். மாஸ்டர் எழுந்து மெஷினுக்குப் போய்விட்டார். அவன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. யாருக்குத் தைக்கிறோம் என்று அந்தக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அளவு மட்டும் வரும்.

மகள் பணம் அனுப்பியபோது அதோடு அவளுடைய மின்னஞ்சல் முகவரியும் வந்திருந்தது, அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து மனைவி அதைத் தேடி எடுத்தாள். என்ன எழுத என்று கேட்டாள். மாஸ்டர் நடந்தது முழுவதையும் சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் கட்டில், பிரஸ் பட்டன், கட்டணம், மச்சினன், மூடிய கணக்கு. அவளும் எழுதிக்கொண்டே போனாள். படித்துக் காட்டியபோது அவருக்கே அது ஏமாற்றுக்காரன் கதை மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். உங்கள் பணம் இங்கே பத்திரமாக இருக்கிறது, எப்போது கேட்டாலும் தருகிறோம் என்பதை மட்டும் எழுதி அனுப்பினார்கள்.

பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. சேர்ந்திருந்தாலும், அவர் சொன்னதை அந்தப் போன் அவள் பாஷையில் என்னவென்று சொல்லியிருக்குமோ, அதுவும் அவருக்குத் தெரியாது. சில நாள் வேலைக்கு நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஏதாவது வந்திருக்கா என்று கேட்பார். மனைவி போனைத் திறந்து பார்த்துவிட்டு, இல்லைங்க என்பாள்.